படகில் ஓட்டெடுப்பு வேண்டாம்

நண்பர்களோடு பாய்ப்படகு எடுத்துக்கொண்டு நாலைந்து நாள் கடலில் சுற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, யார் கேப்டன் என்பதைத்தான். "எல்லாரும் சேர்ந்து பாத்துக்குவோம்" என்று பதில் வந்தால், பேசாமல் கரையிலேயே, கோல்ட் கோஸ்ட் மாதிரி கடற்கரை ஊரில் ரூம் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன்.

போன ஆகஸ்டில் பிரிஸ்பேனிலிருந்து ஆறு பேர் விட்சண்டே தீவுகளுக்குப் போனோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கடலோரத்தில் சிறிதும் பெரிதுமாக 74 தீவுகள். ஏர்லி பீச்சில் படகு வாடகைக்குக் கிடைக்கும். லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். அரை நாள் சொல்லிக்கொடுத்துச் சாவியைக் கையில் தந்துவிடுவார்கள். ஆபத்தே அதில்தான் ஆரம்பிக்கிறது. எங்களுக்கு வந்தது நாற்பதடி கேட்டமரான். பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. கட்டவும் இல்லை, மரமும் இல்லை, முழுக்க ஃபைபர். (பெயர்க் கதையில் இன்னொன்று: 1770-இல் கேப்டன் குக் இந்தத் தீவுகளிடையே கடந்த நாள் பெந்தெகொஸ்தே ஞாயிறு என்று நினைத்து, அதன் ஆங்கிலப் பெயரான விட்சண்டே என்று வைத்தார். சர்வதேசத் தேதிக்கோடு அப்போது கிடையாது. இன்றைய கணக்கில் அது திங்கள்கிழமை!)

வாடகைப் படிவத்தில் கேப்டன் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்களில் பாய்ப்படகு ஓட்டத் தெரிந்தது என் நண்பனின் மனைவிக்கு மட்டும்தான். நாலு வருடமாக மோர்டன் விரிகுடாவில் சின்னப் படகு ஓட்டிப் பழகியவள். மற்ற ஐந்து பேரும் யூடியூப். அவள் கையெழுத்துப் போட்டாள், நாங்கள் கை தட்டினோம். மரியாதை அந்தக் கைதட்டலோடு முடிந்துபோனது. கயிற்றைத் தளர்த்து என்றால் ஏன் என்றோம். பாயைச் சுருக்கு என்றால், காத்து நல்லாத்தானே அடிக்குது என்றோம். முக்கியமாக ஆண்கள் மூன்று பேரும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் வைட்ஹேவன் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று ஒருவன் அடம்பிடித்தான். அன்றைக்கு அவனுக்கு நாற்பதாவது பிறந்தநாள். தெற்குப் பக்கமாகச் சுற்றிப் போனால் விட்சண்டே தீவுக்கும் ஹேசல்வுட் தீவுக்கும் நடுவே சால்வே என்ற கடல் இடுக்கைக் கடக்க வேண்டும். அந்தப் பகுதியில் நீர் ஏறும்போது நீரோட்டம் தெற்கே போகும், வற்றும்போது வடக்கே. அன்று காற்று தென்கிழக்கிலிருந்து, இருபது நாட் வேகத்துக்கு மேல் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). மூன்றரை மணிவரை ஏற்றம். அவள் சொன்னாள்: "அண்ணா, காத்தும் ஓட்டமும் எதிரெதிரா மோதுற நேரம் இது. நாளைக்குக் காலைல வத்தத்துல போனா தண்ணியே நம்மைக் கூட்டிட்டுப் போயிடும்." சாயங்காலம் நாலு மணிக்குள் நங்கூரம் போட்டுவிட வேண்டும் என்பது வாடகைக்காரர்களின் கண்டிப்பு. ஆகவே ஏற்றம் ஓயக் காத்திருக்கவும் வழியில்லை.

நாங்கள் என்ன செய்தோம்? ஓட்டுப் போட்டோம். நாலுக்கு இரண்டு. அவள் கணவனே அவளுக்கு எதிராகக் கை தூக்கினான்.

நண்பகல் தாண்டி இடுக்குக்குள் நுழைந்தோம். பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது, முன்னாலிருந்து தண்ணீர் தள்ளுகிறது. தண்ணீரில் படகின் வேகத்தைக் காட்டும் கருவி ஆறு நாட் என்றது, நிலத்தை வைத்து அளக்கும் ஜிபிஎஸ் இரண்டு என்றது. அலை சுவர்போலச் செங்குத்தாக எழும்பியது. அதற்கு நடுவே எண்ணெய் ஊற்றினாற்போல வழவழவென்று சுழிகள். கீழே சமையலறையில் சாம்பார்ப் பாத்திரம் மேடையைவிட்டு இறங்கி, தரை முழுக்கப் போய்வந்தது. முருங்கைக்காய்த் துண்டு ஒன்று படிக்கட்டுவரை வந்து நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறெங்கும் பார்க்கத் தைரியமில்லை. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கையும் சுக்கானில்.

வைட்ஹேவன் மணல் கிட்டத்தட்ட முழுக்க சிலிக்கா, வெயிலிலும் கால் சுடாது. பிறந்தநாள் படத்தில் நண்பனின் முகம் அந்த மணலைவிட வெளுத்திருக்கும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஓட்டுப் போட்டா நீரோட்டம் திரும்பாது அண்ணா."

அப்படியென்றால் இது நண்பர்கள் பயணமா, ராணுவமா என்று கேட்பீர்கள். என்ன சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது, எந்தப் பாட்டு, எல்லாவற்றுக்கும் தாராளமாக ஓட்டுப் போடுங்கள். குக்கர் கொண்டுபோகலாமா என்பதற்குக்கூட நாங்கள் ஓட்டுப் போட்டோம். மாலை ரேடியோவில் வாடகைக்காரர்களுக்கு எங்கள் இடத்தைச் சொல்லும்போது குக்கர் விசில் அடித்து, அது என்ன அலாரம் என்று அந்தப் பக்கம் பதறினார்கள். ஆனால் காற்று, ஓட்டம், நங்கூரம் மூன்றும் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். அந்த ஒருவர் தெரிந்தவராக இருக்க வேண்டும். வயதில் மூத்தவராகவோ படகுக்கு அதிகப் பணம் போட்டவராகவோ இருப்பது தகுதி ஆகாது.

மூன்றாம் நாள் ஹூக் தீவின் நாரா இன்லெட்டில் நின்றோம். ஆழம் எட்டு மீட்டர். முப்பது மீட்டர் சங்கிலி தாராளம் என்று எனக்குத் தோன்றியது. ராத்திரி நீர் மூன்று மீட்டர் ஏறும் என்று கணக்குப் போட்டு அவள் ஐம்பது விட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மணிக்கு மலை இடுக்கிலிருந்து காற்று குபீரென்று இறங்கியது. பக்கத்துப் படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டே நகர்ந்தது. டார்ச் வெளிச்சம், கூச்சல். நாங்கள் நின்ற இடத்தில் நின்றோம். காலையில் கரையேறி, இந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான ங்காரோ மக்களின் குகை ஓவியங்களைப் பார்த்தோம். அங்கே மனிதர்கள் இருந்ததற்குச் சுமார் 9,000 ஆண்டுத் தடயம் இருக்கிறது. மரப்பட்டையைத் தைத்துச் செய்த ஓடத்தில் இதே தீவுகளுக்கிடையே போய்வந்தவர்கள். சால்வேயை எந்த நேரத்தில் கடக்கக் கூடாது என்று அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அடுத்த வருடம் எங்கே என்று வாட்ஸப்பில் நேற்று ஒரு ஓட்டெடுப்பு வந்திருக்கிறது. பிறந்தநாள்காரன்தான் போட்டான். நாலு இடம், தேதியோடு. அவள் இன்னும் பார்க்கவில்லை, நீல டிக் வரவில்லை. நானும் ஓட்டுப் போடவில்லை.