ஐந்தில் ஒரு பங்கு

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை முடிந்து, கோயிலில் ஊற்றிய கஞ்சியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று கை அரிக்கிறது. எழுதினால் ரெண்டு பேர் அன்ஃப்ரெண்ட் செய்வார்கள், நாலு பேர் இன்பாக்ஸில் வசனம் அனுப்புவார்கள். சரி, அனுப்பட்டும்.

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் சுற்றி வளைத்து ஒரே இடத்தில்தான் வந்து நின்றார்கள்: நீ கட்ட வேண்டிய கடனை அவர் கட்டிவிட்டார், இனி உன் பேரில் பாக்கி கிடையாது. எனக்கோ 1996 ஞாபகம் வந்துவிட்டது.

1994இல் எங்களுக்குச் சித்தப்பா முறை வேண்டிய ஒருவர் அப்பாவிடம் 45,000 ரூபாய் கைமாற்று வாங்கினார். அக்கா கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்த பணம். ரெண்டே மாதத்தில் தந்துவிடுகிறேன் என்று அம்மா கையால் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார், பத்திரம் கித்திரம் ஒன்றும் கிடையாது. ரெண்டு மாதம் ரெண்டு வருடமானது. அப்புறம் ஒரு நாள், பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நடந்த கன்வென்ஷன் கூட்டத்தில் அவர் மேடையேறிச் சாட்சி சொன்னார். குடித்தேன், ஊதாரியாய்த் திரிந்தேன், பல பேரை ஏமாற்றினேன், ஆனால் என் பாவக்கடன் முழுவதையும் ஆண்டவர் சிலுவையிலேயே அடைத்துவிட்டார் என்று அழுதார். கூட்டம் முழுக்க அல்லேலூயா. ஏமாந்த பல பேரில் ஒருவரான என் அப்பா நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது அம்மா மட்டும்தான் வாயைத் திறந்தாள்: "கர்த்தர் அடைச்சிட்டாராம்லா, அப்ப நம்ம கடன யாரு அடைப்பா?"

அந்தக் கேள்விக்கு முப்பது வருடமாய் எந்தப் பிரசங்கத்திலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் வேதத்தில் இருக்கிறது. பழைய ஏற்பாட்டில், மோசேயின் சட்டங்கள் உள்ள லேவியராகமம் 6ஆம் அதிகாரம், முதல் ஏழு வசனங்கள். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் யாரும் அச்சடிக்காத பகுதி. ஒருவன் தன்னிடம் நம்பி ஒப்படைத்ததை இல்லை என்று சாதித்தால், பறித்தால், கண்டெடுத்ததை மறைத்தால், பொய்ச்சத்தியம் பண்ணினால் என்ன பரிகாரம்? ஆட்டுக்கடா என்போம் உடனே. ஆட்டுக்கடாவும் உண்டு, ஆனால் அது இரண்டாவதுதான். முதலில் வாங்கின முதல், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், அதுவும் அதற்கு உரியவன் கையில். காணிக்கைப் பையில் அல்ல. அதைக் கொடுத்துவிட்டு அப்புறம் குற்றநிவாரண பலியைப் பிடித்துக்கொண்டு வா என்கிறது சட்டம். எண்ணாகமம் 5 இன்னும் ஒரு படி மேலே போகிறது. பணத்தை வாங்கிக்கொள்ள ஏமாந்தவனுக்கு உறவென்று ஒருத்தர்கூட இல்லாவிட்டால், அதை ஆசாரியனிடம் கட்ட வேண்டும். ஆள் போய்விட்டால் கடனும் போய்விட்டது என்று கையைத் துடைத்துக்கொள்ள வழியே கிடையாது.

(45,000க்கு ஐந்தில் ஒரு பங்கு 9,000. ஆக மொத்தம் 54,000. முப்பது வருட வட்டியை மோசே கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.)

இன்னொரு விஷயம். நம் ஆட்கள் தூக்கத்தில்கூடச் சொல்லும் வசனம், "இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது", எபிரெயர் 9:22. அது அரை வசனம்தான். முன்பாதியில் "கொஞ்சங்குறைய எல்லாம் இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும்" என்று இருக்கிறது. கொஞ்சங்குறைய என்றால் ஏறக்குறைய, எல்லாமே அல்ல. அந்தக் "கொஞ்சங்குறைய"வைப் பிரசங்கிகள் விழுங்கிவிடுகிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மறுபடி லேவியராகமத்துக்குத்தான் போக வேண்டும். ஆடு வாங்க வக்கில்லாதவன் ரெண்டு புறா கொண்டுவரலாம், புறாவுக்கும் வழியில்லாதவன் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு கொண்டுவரலாம், ஏறக்குறைய ரெண்டு லிட்டர் மாவு, எண்ணெயும் வேண்டாம், சாம்பிராணியும் வேண்டாம், அதுவே பாவநிவாரண பலி. ஒரு சொட்டு இரத்தம் இல்லாமல் அவனுக்கும் மன்னிப்பு. ஏழையின் பாவத்துக்கு மாவு போதும் என்று சொன்ன கடவுளை, இரத்தம் பார்க்காமல் கோபம் தணியாதவராக நாம் எப்படி ஆக்கினோம்?

வெள்ளாடுகளையும் சொல்லியாக வேண்டும். யாரையாவது வம்பில் மாட்டிவிட்டால் பலிகடா ஆக்கிவிட்டார்கள் என்கிறோம். லேவியராகமம் 16இல் வரும் பாவநிவாரண நாளில் கடா ஒன்றல்ல, ரெண்டு. சீட்டுப் போட்டு ஒன்றைக் கர்த்தருக்கென்று வெட்டுவார்கள், அதன் இரத்தம் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேல் தெளிக்கப்படும், பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்தம் செய்ய. ஜனங்களின் பாவத்தை ஆசாரியன் ரெண்டு கையையும் வைத்து ஏற்றுவதோ மற்ற ஆட்டின் தலையில். நம் பழைய தமிழ் வேதத்தில் அதற்குப் பெயர் போக்காடு. எவ்வளவு அழகான சொல் பாருங்கள், போக்கிவிடும் ஆடு. பாவத்தைச் சுமக்கிற ஆடு பலிபீடத்துக்கே போவதில்லை, வனாந்தரத்துக்குப் போகிறது. பிற்பாடு இரண்டாம் ஆலயக் காலத்தில் இதையும் மாற்றிவிட்டார்கள். யூதர்களின் மிஷ்னா நூலில் இருக்கிறது: ஆட்டின் தலையில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி, சிலர் அதன் மயிரைப் பிடித்திழுத்து "தூக்கிக்கிட்டுப் போ, தூக்கிக்கிட்டுப் போ" என்று கத்த, கடைசியில் ஒரு செங்குத்துப் பாறையிலிருந்து பின்பக்கமாய்த் தள்ளுவார்களாம். வனாந்தரத்தில் விட்டால் ஊருக்குள் திரும்பி வந்துவிடும் என்ற பயமோ என்னவோ.

அதே மிஷ்னா, அதே பாவநிவாரண நாளைப் பற்றி, இன்னொன்றும் சொல்கிறது. மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ள பாவத்துக்கு இந்த நாள் பரிகாரம். மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவில் உள்ளதற்கு, அந்த ஆளைப் போய்ச் சமாதானப்படுத்தும்வரை இந்த நாள் பரிகாரமாகாது. இயேசுவும் இதைத்தான் சொன்னார். பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே போட்டுவிட்டு முதலில் போ. மலைப்பிரசங்கம், மத்தேயு 5. கவனியுங்கள், உனக்கு அவன்பேரில் குறை இருந்தால் என்றல்ல, அவனுக்கு உன்பேரில்.

அப்புறம் எங்கே இது தொலைந்தது? எனக்குத் தெரிந்தவரை, கோட்பாடு பண்ணப் போன இடத்தில்தான். நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் "நமக்காக" சிலுவையில் அறையப்பட்டார் என்று இருக்கிறதே தவிர, எப்படி அது வேலை செய்தது என்று ஒரு வரி கிடையாது. ஆதித்திருச்சபைப் பிதாக்களில் சிலர், கிறிஸ்து பிசாசுக்குக் கொடுத்த மீட்கும் பொருள் என்றார்கள். நிசாவின் கிரகோரி தூண்டில் கதையே சொன்னார், மனுஷீகம் இரை, தேவத்துவம் முள், பிசாசு விழுங்கி மாட்டிக்கொண்டான் என்று. 1098 வாக்கில் ஆன்செல்ம் வந்தார், இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயர். பிரபுவும் குடிகளுமாய் இருந்த காலம், அதனால் அவருக்குப் பாவம் என்றால் கடவுளின் கனத்துக்கு இழுக்கு. அவரும், எடுத்ததை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதாது, அவமதித்ததற்காக அதற்கு மேலும் கொடுக்க வேண்டும் என்றுதான் எழுதினார். அச்சு அசல் அந்த ஐந்தில் ஒரு பங்கு! ஆனால் வாங்கிக்கொள்கிறவர் மாறிவிட்டார், கடவுள் மட்டும்தான் இப்போது கடன் கொடுத்தவர். அதன்பிறகு பதினாறாம் நூற்றாண்டில், சட்டம் படித்த சபைச் சீர்திருத்தவாதி கால்வின் வர, விஷயம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது, நீதிபதி, தீர்ப்பு, தண்டனை, குற்றவாளிக்குப் பதிலாய் ஒரு நிரபராதி. அந்த நீதிமன்றத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், புகார் கொடுத்தவனைத் தவிர.

தாவீதுகூட இப்படி ஒரு முறை பேசியிருக்கிறான். 51ஆம் சங்கீதம் எனக்கு உயிர், ஆனாலும் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்ற இடத்தில் வாய் நின்றுவிடும். ஒருவருக்கேவா? அப்போ, மனைவியை எடுத்துக்கொண்டு போர்முனையில் சாகவிட்டானே, அந்த உரியா?

இந்த இடத்தில் வரப்போகும் கமென்ட் தெரியும். "பிரதர், கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், கிரியைகளினால் அல்ல." ஆமென், எபேசியர் 2, மனப்பாடமாய்த் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்தவன் பணத்தை அடுத்தவனிடம் கொடுப்பது எப்படி ஐயா என்னுடைய நற்கிரியை ஆகும்? நான் வைத்திருந்தது என் சொத்தே இல்லையே. அதற்கடுத்து, சிலுவையில் மனந்திரும்பிய கள்வனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அவன் எதைத் திருப்பிக் கொடுத்தான்? ஒன்றும் இல்லை, கை ஆணியில் இருந்தது. ஆனால் எரிகோவில் வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயுவின் கை சும்மா இருந்தது. இயேசு அவனிடம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதாக லூக்கா எழுதவில்லை, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்றுதான் சொன்னார். அவனாகவே எழுந்து நின்று அநியாயமாய் வாங்கியதை "நாலத்தனையாக" திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். ஐந்தில் ஒரு பங்கு எங்கே, நாலு மடங்கு எங்கே. இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதைக் கேட்ட பிறகுதான். எரிகோவில் அன்று சாயங்காலம் எத்தனை வீட்டுக் கதவை அவன் தட்டியிருப்பான் என்று நினைத்துப் பார்ப்பேன், அதுதான் எனக்குப் பிடித்த சாட்சி.

அப்படியானால் சிலுவை எனக்கு என்ன என்று கேட்டால், மேடையில் சொல்லும் அளவுக்குத் தெளிவாய்ச் சொல்ல எனக்கு வராது. ஒன்று மட்டும் படுகிறது. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்ற வார்த்தை ஆணி அறையப்பட்டவரின் வாயிலிருந்து வருகிறது. யாருக்கோ வலிக்க, வேறு யாரோ மன்னித்த கதை அல்ல அது. அடிபட்டவரே மன்னித்தார். அதனால்தான் அதற்கு அவ்வளவு கனம். அதே கனத்தை என் அப்பாவின் மன்னிப்புக்குக் கொடுக்காமல், அவரைத் தாண்டி மேலே போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று ஒருவர் மைக்கில் சொன்னால் எப்படி?

நம் பழைய ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) உருவான 1947க்கு முன்பு திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம்தான். 1662ஆம் வருடத்து அந்தப் புத்தகத்தில், நற்கருணைக்கு முந்தி வாசிக்க நீளமான ஒரு புத்திமதி உண்டு. உங்கள் குற்றம் கடவுளுக்கு மட்டுமல்ல, அயலானுக்கும் விரோதமானது என்றால் அவனோடு ஒப்புரவாகுங்கள், செய்த நஷ்டத்தை உங்களால் முடிந்த மட்டும் ஈடுகட்ட ஆயத்தமாயிருங்கள், அப்படி மனந்திரும்பாமல் இந்தப் பந்திக்கு வராதீர்கள் என்று அதில் இருக்கிறது. நீளம் என்று விட்டுவிட்டார்கள் போல. நான் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் கோயிலில் அதை வாசித்துக் கேட்டதில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது, அம்மாவின் சங்கிலியை விற்று. அப்பாவுக்கு இப்போது 78. சித்தப்பாவும் இருக்கிறார், நல்ல சுகமாய், சபையில் மரியாதையாய். நற்கருணைக்குக் கிராதி முன்னால் வரிசை வரிசையாய் முழங்கால் போடும்போது, சித்தப்பா எழுந்து போகிறாரா என்று அப்பா ஓரக்கண்ணால் பார்ப்பார். அவர் போய் முழங்கால் போட்டு, வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து தன் இடத்தில் உட்காரும்வரை அப்பா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். அதற்கடுத்த வரிசையில்தான் எழுந்திருப்பார்.