1,500 மணி நேரம் என்ற மந்திரக் கணக்கு

வலப்பக்க இருக்கையில் இருக்கும் துணை விமானி வெறும் 200, 250 மணி நேரம் பறந்தவர் என்றால் நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். "அமெரிக்காவில் 1,500 கேட்கிறார்களே!" என்பார்கள் உடனே.

அந்த 1,500 வந்த கதையைப் பாருங்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் மாண்டார்கள். அதைத் தொடர்ந்து, துணை விமானிக்கும் 1,500 மணி வேண்டும் என்ற விதி 2013ல் நடப்புக்கு வந்தது. ஆனால் அந்த கேப்டன் 3,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், துணை விமானி 2,000க்கு மேல்! வேகம் குறைந்து, எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்ததும் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தியிருக்க வேண்டும். கேப்டன் பின்னால் இழுத்தார். துணை விமானி, யாரும் சொல்லாமலே, குறைந்த வேகத்தில் தூக்குவிசை தரும் இறக்கை மடிப்பான ஃபிளாப்பை உள்ளிழுத்தார். காற்றை எதிர்கொள்ளும் இறக்கையின் கோணம் எல்லை தாண்டிய பிறகு இழுக்க இழுக்கத் தூக்குவிசை குறையத்தான் செய்யும்; இதுதான் ஸ்டால். இதற்கு மருந்து சிமுலேட்டரில் ஸ்டாலை முழுதாக வரவழைத்து மீண்டுவரும் பயிற்சி. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் மாணவர்களை ஏற்றிக்கொண்டு ஒரே ஓடுபாதையைச் சுற்றிச் சேர்க்கும் மணிகள் அல்ல. (தனியாக முடிவெடுக்கும் துணிச்சல் அதில் வரும், மறுக்கவில்லை.) அதே விதி ராணுவத்திலிருந்து வருபவருக்கு 750, விமானத்துறைப் பட்டதாரிக்கு 1,000 போதும் என்கிறது. பயிற்சியின் தரம்தான் முக்கியம் என்று விதியே ஒத்துக்கொள்கிறது.

சிங்கப்பூர் என்ற நம் சின்னத் தீவின் வான்வெளியில் 1,500 மணி சேர்க்க ஒரு இளைஞர் எங்கே போவார்? பல நாடுகளில் உள்ள, விமான நிறுவனத் துணை விமானிக்கென்றே வகுத்த எம்பிஎல் உரிமத்துக்கு உலகக் குறைந்தபட்சம் 240 மணி, சிமுலேட்டர் நேரமும் சேர்த்து. அதோடு முடிவதில்லை. பயணிகள் இல்லாத நிஜ விமானத்தில் ஏறி இறங்கிப் பழக வேண்டும். பிறகு பயிற்சி கேப்டனோடு பயணிகள் விமானம்; தொடக்கத்தில் பின்னால் இன்னொரு விமானியும் உட்கார்ந்திருப்பார்.

என் கவலை அதற்குப் பிறகுதான். லண்டனுக்கு 13, 14 மணி நேரம், காக்பிட்டில் பெரும்பாலும் நான்கு பேர், தரையிறக்கம் ஒன்றே ஒன்று. பதிவேட்டில் மணி ஏறும், கை பழகாது. 90 நாளில் 3 முறை ஏறி இறங்கினால் போதும் என்ற விதியை சிமுலேட்டரிலேயே நிறைவேற்றிவிடலாம். குறுக்குக் காற்றில் மூக்கை ஓடுபாதைக்கு நேராகத் திருப்பும் அந்த இரண்டு வினாடி இப்படி வராது.

அதனால் மணியை உயர்த்தச் சொல்லிக் கத்த வேண்டாம். புதியவர்களை முதல் ஆண்டு பினாங்கு, கோலாலம்பூர் என்று அனுப்புங்கள். போகும்போது கேப்டன், வரும்போது புதியவர் என்று பிரித்தாலும் நான்கு நாளில் நான்கு தரையிறக்கம்.