ரேவதியின் எழுத்தைப் பற்றி எப்போது பேசுவோம்?

திருநங்கை ஏ. ரேவதியைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் போராட்டம், வலி, தன்னம்பிக்கை என்று சொல்லிவிட்டு அதோடு முடித்துக்கொள்கிறார்கள். அவர் எப்படி எழுதுகிறார், எப்படி நடிக்கிறார் என்ற பேச்சே வருவதில்லை. இதில் எனக்கு ரொம்ப நாளாக வருத்தம்.

நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர், பெங்களூரில் பாலியல் சிறுபான்மையினர் உரிமைக்காக வேலை செய்தவர். 2004இல் வந்த முதல் புத்தகமான 'உணர்வும் உருவமும்' அவருடைய சொந்தக் கதை அல்ல. மற்ற திருநங்கைகள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுத் தொகுத்தது. முதலில் பிறர் பேசக் காது கொடுத்தார், அப்புறம்தான் 'நான்' என்று எழுத வந்தார். அந்தத் தன்வரலாற்றை எழுதியது தமிழில். ஆனால் 2010இல் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில்தான் முதலில் வெளியானது. தமிழில் 'வெள்ளை மொழி' அதற்குப் பிறகுதான் வந்தது. தமிழில் எழுதியவரை நமக்கு முன்னால் இங்கிலீஷ் வாசகர்கள் படித்துவிட்டார்கள். நம் இலக்கிய உலகம் இதற்கு வெட்கப்படத்தான் வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் ஒரு மாரியம்மன் திருவிழா வரும். ஊரார் பையன் என்று நினைத்திருந்த ரேவதி அன்று குறத்தி வேஷம் கட்டுகிறார். பாவாடை, ரவிக்கை எல்லாம் போட்டு வந்து நிற்க, பார்த்தவர்கள் ரசிக்கிறார்கள். திரும்பவும் ஆண் உடைக்கு மாறும்போதுதான் வேஷம் போடுவதுபோல அவருக்கு இருக்கிறது. இதை அலட்டாமல், நாலைந்து வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். திருவிழாவில் கைதட்டு வாங்கித் தந்த அதே பெண்மைக்காகப் பின்னாளில் வீட்டில் அடி விழுகிறது, கிரிக்கெட் மட்டையால். அந்த அடியையும் அதே குரலில்தான் எழுதுகிறார். படிப்பவரிடம் பரிதாபம் கேட்கவே இல்லை. இப்படி எழுத எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு அ. மங்கையின் இயக்கத்தில் 'வெள்ளை மொழி'யை ஓராள் நாடகமாக அவரே நடித்தார். வேஷத்தில் மட்டும் தன்னை ஏற்றுக்கொண்ட சமூகத்தின் முன்னால், வேஷமே இல்லாமல் ஏறி நிற்கிறார். புத்தகத்தைச் சுருக்கி ஒப்பிக்கிற வேலையில்லை இது. அவருடைய எழுத்து போய்ச் சேர வேண்டிய அடுத்த இடம் மேடைதான் என்றே நான் நினைக்கிறேன். இவை தவிர 'தெனாவட்டு' படத்திலும் நடித்திருக்கிறார். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளின் வாழ்க்கையையும் பதிவு செய்திருக்கிறார்.

2019இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பட்லர் நூலகத்தில், ஹோமர், பிளேட்டோ பெயர்கள் செதுக்கிய முகப்புக்கு மேலே பெண் எழுத்தாளர்களின் பெயர்களோடு ஒரு பதாகை தொங்கியது. அமெரிக்க எழுத்தாளர்கள் டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோவோடு ரேவதியின் பெயரும் அதில் இருந்தது. எழுத்தாளர் என்ற வரிசையில். அந்த வரிசையில் அவரை வைக்க நமக்கு என்ன தயக்கம்?

அதனால் கல்லூரிகளிலும் இலக்கியக் கூட்டங்களிலும் அவரை அழைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எதை எழுதினீர்கள், எதை விட்டீர்கள், புத்தகத்தில் இருந்ததை மேடைக்கு எப்படி மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பாலின மாற்று ஆபரேஷனைப் பற்றி இனியும் கேட்க வேண்டாம். அதை அவர் எழுதியே வைத்திருக்கிறார், படித்துவிட்டு வாருங்கள்.