மாங்காய் யாவாரிக்கு எதற்குச் செங்கடல்?

ஞாயிற்றுக்கிழமை செங்கடலையும் ஏமனையும் பற்றி நான் எழுதிய பதிவுக்கு அப்புறம் நடந்த கூத்து உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் கட்டாயம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இருப்பார். என் பதிவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அங்கே போட்டு, கீழே ஒரு வரி: "மாங்கா யாவாரிக்கு எதுக்குப்பா செங்கடல்?" அதற்குக் கீழே முப்பத்திச் சொச்சம் சிரிப்பு பொம்மைகள். யார் போட்டது என்று இன்பாக்ஸில் வந்து கேட்கிறவர்களே, தெரிந்துகொண்டே கேட்காதீர்கள்.

நான்கு நாள் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை.

நான் ஞாயிறுதோறும் எழுதுவது கதம்பம். இணையத்தில் அந்த வாரம் பார்த்த கிறுக்குத்தனம் ஒன்றிரண்டு, அரசியல் கொஞ்சம், வெளிநாட்டுச் சேதி கொஞ்சம். பூனை வீடியோவுக்கு விழும் லைக்கில் கால்வாசி கூட ஏமனுக்கு விழாது. அது எனக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அது வெளிநாட்டுச் செய்தி இல்லை. நம்ம ஊர்ச் செய்தி. இதைத்தான் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

சரி, செங்கடலுக்கே வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, சந்தூர் பக்கம் விளைகிற பெங்களூரா மாங்காய் எங்கே போகிறது? செந்தூராவும் மல்கோவாவும் இருக்கும்போது பெங்களூராவை யாரும் ஆசைப்பட்டு வீட்டுக்கு வாங்கிப் போவதில்லை. அது மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற காய். கூழாகி, அடைபட்டு, கப்பல் ஏறுகிறது. இந்திய மாங்கூழை அதிகம் வாங்கிவந்த நாடுகளில் சவுதி அரேபியா இருக்கிறது, நெதர்லாந்து இருக்கிறது, ஏமன் இருக்கிறது. ஆமாம், நீங்கள் சிரித்த அதே ஏமன்.

2023 நவம்பரில் ஹவுதிகள், அதாவது ஏமனின் ஆயுதக் குழுவினர், செங்கடலில் கப்பலைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஐரோப்பா போகிற பெரிய சரக்குக் கப்பல்கள் செங்கடலை ஐரோப்பாப் பக்கம் இணைக்கிற சூயஸ் கால்வாய்ப் பக்கமே தலைவைக்காமல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. பத்து நாள், சிலதற்கு இரண்டு வாரம் கூடுதல் பயணம். கன்டெய்னர் வாடகை ஏறியது. அந்த வாடகையை யார் தலையில் கட்டுவார்கள்? ஃபேக்டரிக்காரர் தன் தலையில் போட்டுக்கொள்வாரா? கைமாறிக் கைமாறி, கடைசியில் மண்டி வாசலில் டிராக்டரை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்கிறானே, அவன் தலையில்தான் வந்து உட்காரும்.

2025 சீசனில் எங்கள் காய்க்குக் கிலோ 4 ரூபாய் கேட்டார்கள். பறிகூலியும் வண்டி வாடகையும் போனால் கையில் நிற்பது துண்டை உதறினால் விழுகிற தூசிதான். ஃபேக்டரியில் பழைய கூழே தேங்கிக் கிடக்கிறது என்றார்கள். ஏன் தேங்கியது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எல்லாம் ஹவுதியால்தான் என்று நான் சொல்லவில்லை, அந்த வருஷம் காய்ப்பும் அதிகம். உடனே அதைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள்.

அதே வருஷம் ஜூனில் ஆந்திராவின் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலப் பெங்களூராவை உள்ளே விடமாட்டோம் என்றது. கர்நாடக முதல்வர் சித்தராமையா, சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். அப்போது இதே குழுவில், இதே ஆட்கள், "அண்ணா, சித்தூர் நிலவரம் என்ன, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று என்னைத்தான் கேட்டார்கள். ஒரு பொம்மையும் இல்லை, கைகூப்பு மட்டும். சித்தூர் வரைக்கும் இருந்தால் நிலவரம், அதைத் தாண்டினால் வேலையத்த பேச்சு. எந்த மைல்கல்லில் இருந்து வேலையத்த பேச்சு ஆரம்பிக்கிறது என்று சொல்லிவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"உள்ளூர்ப் பிரச்சினை ஆயிரம் கிடக்கிறது, அதை எழுதலாமே" என்று ஒரு பெரியவர் மரியாதையாகச் சொன்னார். ஐயா, என் பல்லைப் பார்த்திருக்கிறீர்கள். பத்து வயது வரை நான் வளர்ந்தது பென்னாகரம் பக்கம், அம்மா ஊரில். போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு என் முன்பல்லில் பழுப்பாக எழுதிவைத்துவிட்டுப் போனது. பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்பிள்ளை வெத்தலை போடுவாரோ?" என்று கேட்டார்கள். அம்மா பதில் சொல்வதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெற்றிலையைத் தொட்டதே இல்லை நான். இதைவிட உள்ளூர்ப் பிரச்சினை எதை எழுதுவது?

அந்தத் தண்ணீருக்கு மாற்றாக வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 1,900 கோடி ரூபாய்க்கு மேல். அதில் பெரும்பங்கு ஜப்பான் கொடுத்த கடன், ஜைக்கா என்ற அந்நாட்டு உதவி அமைப்பு வழியாக வந்தது. 2008இல் கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது, அங்கே சட்டமன்றத் தேர்தல் முடியட்டும் என்று கருணாநிதி தள்ளி வைத்தார். 2013இல் ஜெயலலிதா திறந்துவைத்தார். எங்கோ தோக்கியோவில் ஒருத்தர் கையெழுத்துப் போட்டால்தான் தருமபுரிப் பிள்ளைக்குப் பல் வெள்ளையாக முளைக்கும் என்றால், தோக்கியோ எனக்கு உள்ளூரா வெளியூரா? என் பெண்ணுக்குப் பல் முத்து மாதிரி இருக்கிறது. அவள் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு ஜப்பான் ஞாபகம் வருகிறது. இதற்கும் பொம்மை போடுங்கள்.

"அதென்ன பூனையையும் போரையும் ஒன்றாகக் கலக்குவது?" என்று இன்னொரு கேள்வி. 2021 மார்ச் கடைசியை நினைத்துப் பாருங்கள். எவர் கிவன் என்ற 400 மீட்டர் கப்பல் சூயஸில் குறுக்கே சிக்கி ஆறு நாள் நின்றது. கரையில் மண் தோண்டிய அந்தச் சின்ன இயந்திரத்தை வைத்து எத்தனை மீம். இங்கே ஏப்ரல் 6 தேர்தலுக்குப் பிரசாரம், நாகப்பட்டினத்தில் ஒரு வேட்பாளர் வாக்காளர் வீட்டுத் துணியை உட்கார்ந்து துவைத்துக் காட்டினார். இதில் சிரிப்பு எது, அரசியல் எது, உலகச் செய்தி எது என்று பிரித்துக் கொடுங்கள். தனித்தனியாகப் பதிவிடுகிறேன்.

அப்பா ராத்திரியில் பிபிசி தமிழோசை கேட்பார். சிற்றலை, கரகரவென்று இரைச்சல். திண்ணையில் ரேடியோவைத் திருப்பித் திருப்பி வைத்துக் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரில் அவருக்கு 'லண்டன்' என்று பேர். பேர் வைத்தவர்கள் யாருடைய அப்பாக்கள் என்று சொன்னால் இந்தக் குழுவே கலைந்துவிடும், வேண்டாம். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது என்று கேட்ட மறுநாளே இரண்டு கேன் மண்ணெண்ணெய் வாங்கி வைத்தார். தெருவே சிரித்தது. அப்புறம் அதே தெரு கிண்ணத்தோடு எங்கள் வாசலில் நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் கணித்ததில் பாதி பலிக்காது. அந்த இரண்டு கேனில் ஒன்று ஒழுகி, அரிசி மூட்டையெல்லாம் நாற்றம் ஏறி, அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் கிண்ணத்தோடு வந்தவர்களை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அவர் மாதிரி இல்லை. கேட்கிறேன்.

"அரைகுறையாகப் படித்துவிட்டு எழுதுகிறார்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். நான் என்ன ஐ.நா. சபையிலா உட்கார்ந்திருக்கிறேன்? ஆனால் ஒன்று, பார்த்துத்தான் போடுகிறேன். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று இதுவரை இங்கே எழுதியதில்லை.

2018 மே. பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று ஒரு குரல் பதிவு வந்தது. அழுகிற குரல். எனக்கும் சின்னப் பெண், வயிறு கலங்கியது. ஒரு நிமிடம் யோசிக்காமல் எட்டுக் குழுக்களுக்கு அனுப்பினேன். அடுத்த சில நாளில் போளூர் பக்கம், கோயிலுக்கு வந்த 65 வயது அம்மாவை, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக, ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. நான் அனுப்பியதுதான் அங்கே போனதா, தெரியாது. போகவில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. எனக்கு அதற்கு முன்பே விரல் நடுங்க ஆரம்பித்திருந்தது. அன்றிலிருந்துதான் யார் என்ன அனுப்பினாலும் எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்று நச்சரிக்கிறேன். போன மாதம் ஒகேனக்கல் வெள்ள வீடியோ பழையது என்று சொன்னதற்குத்தானே இத்தனை கோபம்? அதை நேரடியாகச் சொல்லியிருக்கலாமே மச்சான். செங்கடலை ஏன் நடுவில் இழுத்தாய்?

சிரிப்பு பொம்மை போட்ட அந்த முப்பத்திச் சொச்சத்தில் என் தம்பியும் ஒருவன். அதை எண்ணிப் பார்த்திருக்கவே கூடாது. ஒரே தோப்பு, ஒரே மண்டி, அதே நான்கு ரூபாய் அவனுக்கும்தான். அப்பாவை 'லண்டன்' என்று கூப்பிட்டதற்காகப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் மண்டையை உடைத்துவிட்டு வந்தவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமைப் பதிவு வழக்கம்போல வரும். டேய், இதைப் படிப்பாய் என்று தெரியும். கீழ்த்தோப்பு மோட்டாரில் ஃபியூஸ் போய் மூன்று நாள் ஆகிறது. நான் ஏமனில் இருக்கிறேன், நீயாவது போய்ப் பார்.