அவ, அது, அவங்க: ஆங்கிலத்தில் மூன்றும் ஒன்றுதான்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்துவிட்டு, ஊடகமும் பாலினமும் என்று முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் கடலூர், சிதம்பரம், புதுச்சேரிப் பிள்ளைகளுக்காக இந்தப் பதிவு. இந்தத் துறையிலேயே ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணம் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். கொஞ்சம் நீளம்.

தேவனாம்பட்டினத்தில் ஒரு மீனவக் குடும்பத்தைப் பேட்டி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மனைவி சொல்கிறார்: "அவரு ஏலத்துக்கெல்லாம் வரமாட்டாரு." கணவர் சொல்கிறார்: "அவதான் போயி காசு வாங்கியாருவா." பக்கத்து வீட்டுப் புது மருமகளைப் பற்றிப் பேச்சு வருகிறது: "அது பாவம், அது எதுவும் சொல்லாது." பிறகு ஊர்ப் பெரியவரின் மனைவி: "அவங்க சொன்னா ஊரே கேக்கும்."

இதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். கணவர் 'ஹீ'. மற்ற மூன்று பெண்களும் 'ஷீ'. ஒரு வீட்டுக்குள் யார் யாருக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பது வினைமுற்றிலேயே இருந்தது; மொழிபெயர்த்த அந்த நிமிடமே அது போய்விட்டது. பாலினமும் அதிகாரமும் பற்றி ஆராய்வதாகச் சொல்லிக்கொண்டு, அதற்கான முதல் ஆதாரத்தை நாமே தூக்கி எறிகிறோம்.

எழுத்துத் தமிழாக்கினாலும் இதே இழப்புதான். பேச்சில் 'அவரு' பெரும்பாலும் ஆணுக்கு. பெண்ணுக்கு மரியாதை என்றால் 'அவங்க'. எழுத்தில் 'அவர்' இருவருக்கும் பொது. பேட்டியைத் திருத்தமாக எழுதுகிறேன் என்று 'அவ சொன்னா' என்பதை 'அவர் சொன்னார்' என்று மாற்றினால், அந்தக் கணவர் கொடுக்காத மரியாதையை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். ஆகவே ஒலிப்பதிவைக் கேட்டபடியே, பேச்சுத் தமிழில், இழுவை, சிரிப்பு, இடைவெளி உட்பட எழுதுங்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். மீன் ஏலச் சத்தம் பின்னால் இருந்தால் இன்னும் கூடும். கருத்துகளைக் குறியிட்டு வகைப்படுத்தும் வேலையையும் தமிழ்ப் படியிலேயே செய்யுங்கள். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டும் வரிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்து, மூலத்தைப் பின்னிணைப்பில் வையுங்கள்.

நான் சொல்ல வந்தது அடிப்படையில் இது ஒன்றுதான். இந்தத் துறையின் கருத்தாக்கங்கள் ஆங்கிலத்தில் வந்திருக்கலாம். நம் தரவு தமிழில் இருக்கிறது, அதன் இலக்கணத்திலேயே இருக்கிறது.

நாளிதழுக்கு வருவோம். உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பல நாடுகளின் செய்திகளில் பெண்கள் எத்தனை பேர் இடம்பெறுகிறார்கள் என்று எண்ணி வருகிறது. 1995-ல் 17 சதவீதம், 2020-ல் 25 சதவீதம். எண்ணுவது அவசியம்தான். ஆனால் அந்தத் திட்டத்தின் எண்ணும் படிவத்தை அப்படியே எடுத்துக் கடலூர் மாவட்டச் செய்திப் பக்கத்தில் வைத்தால் முக்கியமானது சிக்காது. பாலியல் தொழில் வழக்கில் மீட்கப்பட்ட பெண்ணுக்குத் தலைப்பில் 'அழகி' என்று பெயர். 'கள்ளக்காதல்' என்ற ஒற்றைச் சொல், விசாரணை முடியும் முன்பே கொலையுண்ட பெண்ணுக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. 'உல்லாசம்' என்ற சொல்லுக்குள் வற்புறுத்தலும் சம்மதமும் வேறுபாடில்லாமல் கரைந்துவிடுகின்றன. 'கற்பழிப்பு' என்று எழுதினால் இழந்தது பெண்ணின் கற்பு. 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதினால் நடந்தது ஒருவர் செய்த குற்றம். இந்தச் சொற்களுக்கு அயல்நாட்டுப் படிவத்தில் கட்டம் கிடையாது. நாம்தான் போட வேண்டும்.

குறியீட்டுப் படிவம் தயாரிக்கும்போது குறைந்தது இவற்றுக்கு இடம் விடுங்கள்: செய்தியில் வருபவரின் பெயர் உண்டா, அல்லது 'இன்னாரின் மனைவி' மட்டும்தானா, தொழில் சொல்லப்பட்டதா, வயது சொல்லப்பட்டதா, அவர் சொன்னது நேர் கூற்றாக வந்ததா, வினைமுற்று '-ஆர்' விகுதியில் இருக்கிறதா, '-ஆன்', '-ஆள்' விகுதிக்கு இறங்குகிறதா, இறங்கினால் எந்த வரியில், மேலே சொன்ன சொற்களில் எது வருகிறது. புகைப்படத்துக்குத் தனிப் படிவம் போடுங்கள். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று கடலூர் தலைப்புச் செய்தியான காலங்களின் படங்களை எடுத்துக்கொண்டு, படக்குறிப்பில் யாருக்குப் பெயர் இருக்கிறது என்று மட்டும் எண்ணினாலே ஒரு தனி இயல் எழுதலாம். பார்வையிட வந்தவருக்குப் பதவியோடு பெயர். அழுகிறவர் 'கதறி அழும் பெண்'.

மாதிரி எடுப்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஓராண்டு நாளிதழை ஆராய 'தொகுத்த வாரம்' என்றொரு முறை உண்டு. ஆண்டின் எல்லாத் திங்கட்கிழமைகளிலிருந்தும் குலுக்கலில் ஒன்று, எல்லாச் செவ்வாய்களிலிருந்தும் ஒன்று என ஏழு நாள் எடுப்பது. அமெரிக்க நாளிதழை வைத்து 1993-ல் வந்த ஆய்வு, ஓராண்டுக்கு இப்படி இரண்டு வாரம், அதாவது 14 இதழ் போதும் என்றது. பொதுவான செய்திகளுக்குச் சரி. திருநங்கைகள் பற்றிய செய்திகளுக்கு இது உதவவே உதவாது. குலுக்கலில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய ஒரு நாள் விழுந்தால் திருநங்கைகள் கூடும் கூவாகம் திருவிழாச் செய்தியால் எண்ணிக்கை எகிறும்; விழாவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. மகளிர் தினமான மார்ச் 8 விழுந்தால் பெண் சாதனையாளர்களில் அதே கதை. அரிதாக வரும் செய்தி என்றால் ஆண்டின் 365 நாளையும் புரட்டத்தான் வேண்டும். கூவாகம் வாரத்தைத் தனியாகவும் மற்ற 51 வாரத்தைத் தனியாகவும் கணக்கிட்டால், ஒரு சமூகத்தை ஆண்டுக்கு எத்தனை நாள் பத்திரிகை நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்று, புதுச்சேரிப் பதிப்பும் கடலூர்ப் பதிப்பும் ஒரே நாளிதழாக இருந்தாலும் மாவட்டப் பக்கங்கள் வேறு. எதை எடுத்தீர்கள் என்று எழுதாவிட்டால் உங்கள் ஆய்வை வேறொருவர் சரிபார்க்க முடியாது. இணையப் பதிப்பில் எதிர்ப்பு வந்த பிறகு தலைப்பை மாற்றிவிடுவதுண்டு; பார்த்த அன்றே நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து நம்பகத்தன்மை. வாய்மொழித் தேர்வில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டு, '85 சதவீதம் ஒத்துப்போனது' என்று பெருமையாக எழுதுகிறார்கள். மாவட்டச் செய்தியில் வருபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆண்கள் என்று வையுங்கள். இரண்டு பேரும் செய்தியைப் படிக்காமலே, நூற்றுக்குத் தொண்ணூறு முறை 'ஆண்' என்று மனம்போனபடி எழுதினாலும், தற்செயலாகவே 82 சதவீதம் ஒத்துப்போகும் (0.9 × 0.9 = 0.81, 0.1 × 0.1 = 0.01, இரண்டையும் கூட்டுங்கள்). அப்படியானால் உங்கள் 85-ல் உண்மையான உடன்பாடு 3 மட்டும்தான். தற்செயல் உடன்பாட்டைக் கழித்துவிட்டுக் கணக்கிடும், ஜேக்கப் கோஹன் 1960-ல் தந்த கப்பா அளவையில் அது 0.17-க்குப் பக்கத்தில் வரும். மிக மோசம். இதே வேலைக்கான இன்னொரு அளவையான கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபாவில் 0.80 இருக்க வேண்டும், 0.667-க்குக் கீழே போனால் அந்த வகைப்பாட்டை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. எண் குறைந்தால் குறியிடுபவரைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் வரையறையில்தான் கோளாறு இருக்கும். 'இழிவான சித்திரிப்பு' என்று ஒரு கட்டம் போட்டால் எந்த இரண்டு பேரும் ஒத்துப்போக மாட்டார்கள். 'தலைப்பில் உடல் பற்றிய அடைமொழி உண்டு / இல்லை' என்று பிரித்துப் போட்டால் ஒத்துப்போவார்கள்.

இதனால்தான் 'தமிழ்த் தொடர்களில் பெண் சித்திரிப்பு' என்ற தலைப்பைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்கிறேன். மாமியார் கொடுமைக்காரி, மருமகள் பொறுமைசாலி என்ற முடிவு ஆய்வு தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொடரைச் கடலூர்ச் சோனாங்குப்பத்தில் மீன் கூடை இறக்கிவிட்டு வந்து உட்காரும் பெண் எப்படிப் பார்க்கிறார், எந்த இடத்தில் சிரிக்கிறார், எந்த இடத்தில் எழுந்து போகிறார் என்று கேட்டால் அது ஆய்வு. மாவட்ட அளவில் பெண் நிருபர் எத்தனை பேர், மாதச் சம்பளமா அல்லது செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கா, இரவில் நடந்த விபத்துக்கு யாரை அனுப்புகிறார்கள் என்று கேட்டாலும் ஆய்வுதான்.

புதுச்சேரியில் இன்னும் வளமான நிலம் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியின் 1881 ஆணைப்படி, மதமும் வழக்கமும் சார்ந்த தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள், குடும்பப் பெயர் வைத்துக்கொண்டவர்கள், அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். புதுச்சேரியை இந்தியாவிடம் சட்டப்படி ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். திருமணம், சொத்து, மகளின் பங்கு இவற்றை அந்தச் சட்டம் எப்படி மாற்றியது, அதை உள்ளூர்ப் பத்திரிகை எப்படிப் பேசியது என்று பார்த்தால் அடையாளம் என்ற சொல் காகிதத்தை விட்டு இறங்கி ஒரு வீட்டின் பெயர்ப்பலகையில் வந்து நிற்கும். பிரெஞ்சு தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டால் இப்போதே படிக்கத் தொடங்குங்கள்.

களத்தில் கவனிக்க வேண்டியவை. மீன் விற்கும் பெண்கள் விடியுமுன்னே துறைமுகத்துக்குக் கிளம்புகிறவர்கள். காலை பத்து மணிக்குப் போய்க் கேள்வித்தாளை நீட்டினால் பதில் வராது, பிற்பகல் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். பெண்களோடு தனியே பேசுவது கடினம், ஆண்களைப் பேட்டி எடுக்க அதுதான் நேரம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து என்றதும் கடன் பத்திரமோ என்று பயப்படுவார்கள். படித்துக் காட்டி, வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவில் வாங்குங்கள். பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். குப்பத்தின் பெயரையும் 'தலைவரின் மருமகள், ஆசிரியை' என்பதையும் ஒன்றாக எழுதினால் ஊரில் எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிடும். குப்பத்தின் பெயரை எழுதாமல் விடுங்கள், அல்லது தொழிலை மாற்றுங்கள். இரண்டில் ஒன்று கட்டாயம்.

கோட்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. லாரா மல்வி 1975-ல் ஆண் பார்வை (திரையில் பெண்ணை ஆணின் கண்ணால் காட்டுவது) பற்றி எழுதியது சினிமா படிக்கும் எவருக்கும் வேண்டும். ஆனால் அந்தப் பார்வைக்குள் இனம் எங்கே என்று பெல் ஹூக்ஸ் 1992-ல் கேட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் தந்த குறுக்குவெட்டுக் கருத்தை, அதாவது இனமும் பாலினமும் போன்ற ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதை, எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். தலித் பெண்ணிய நிலைப்பாடு பற்றி ஷர்மிளா ரெகே 1998-ல் எழுதியதைப் படித்தவர்கள் குறைவு. சாதியை விட்டுவிட்டுக் கடலூரில் பாலின ஆய்வு செய்ய முடியாது. சொற்களிலும் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். நாம் 'பாலினம்' என்பதை ஈழத்தவர் 'பால்நிலை' என்கிறார்கள். அவர்களின் ஆய்வுகளைத் தேட இரண்டும் தெரிய வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2022-ல் அரசிதழில் சொற்பட்டியல் வெளியிட்டது. 'பால்புதுமையர்' போன்ற சொற்கள் அதில் உள்ளன. வகுப்பில் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

இனி வயிற்றுப்பாடு. உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையில் 55 சதவீதமும் (பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்டோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு) பொதுவாக நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். நெட்டில் முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மூன்று மணி நேரம், தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைப்பில்லை. ஒரு கேள்வியையும் விடாதீர்கள். இதழியல் தாளா மகளிரியல் தாளா என்பது உங்கள் முதுகலையைப் பொறுத்தது. ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் மூன்றாம் பாலினத்தவருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு, மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்புக்கு மொத்தம் 240 நாள் வரை விடுப்பு. இந்த 240 நாள் விதியிலேயே இருப்பது, நெறியாளர் மனம் வைத்துத் தரும் சலுகையில்லை. சேரும்போதே விதியின் படியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தரமான ஆய்விதழ்கள் என மானியக் குழு ஏற்றவற்றின் கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சிடுகிறோம் என்கிற இதழ்களிடம் முன்பைவிட இப்போது எச்சரிக்கை வேண்டும்.

பட்டம் வாங்கியதும் நிரந்தரப் பணி காத்திருக்காது. கௌரவ விரிவுரையாளராகப் பல ஆண்டு ஓடும். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. நடைமுறையில் அந்தத் தொகைக்கு வெகு கீழேதான் பலர் வேலை செய்கிறார்கள், அவர்களில் பெண்கள் ஏராளம். பாலினச் சமத்துவம் கற்பிக்கிறவருக்கே இந்த நிலை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அதைவிடப் பொறுக்காதது நெட் கேள்வித்தாள். மொழிப் பாடங்கள் தவிர மற்றவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன. இந்தியில் படித்த மாணவர் தன் மொழியில் கேள்வியைப் படிக்கிறார். தமிழில் படித்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 'அவ', 'அது', 'அவங்க' மூன்றின் வேறுபாட்டைக் காதாலேயே பிரித்தறியும் ஒரு சோனாங்குப்பத்துப் பெண், இந்தத் துறைக்குள் வரும் வாசலிலேயே நின்றுவிடுகிறார். இதழியல், மகளிரியல் தாள்களையாவது முதலில் தமிழில் தரவேண்டும் என்று ஊடகத் துறை ஆசிரியர்கள் சேர்ந்து எழுத்துமூலம் கேட்க வேண்டும். மனு எழுத முன்வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள், வரைவை இந்த வாரமே தொடங்கலாம்.