நடுவுல இருபது புலிகேசி எங்கே சார்?

‘இரண்டாம் புலிகேசி’ என்று சொல்லி நான் வாயை மூடுவதற்குள் வகுப்பு சிரித்து முடித்துவிடுகிறது. வருஷா வருஷம் இதே கூத்துதான். பல்லவர், சாளுக்கியர் பாடம் நெருங்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். போர்டில் பெயரை எழுதும்போதே முதுகுக்குப் பின்னால் கிசுகிசு. திரும்பினால் கடைசி பெஞ்சில் ஒருத்தன் இல்லாத மீசையை இரண்டு விரலால் மேலே முறுக்கிக்கொண்டிருப்பான். போன வருஷம் ஒரு பையன் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: “சார், இவர் ரெண்டாவது. வடிவேலு இருபத்து மூணாவது. நடுவுல இருபது புலிகேசி எங்கே சார்?”

கணக்கை வேறு சரியாகப் போட்டிருக்கிறான்.

பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வடிவேலு நடித்த ‘இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி’ 2006-ல் வந்த படம், அவர்கள் பிறப்பதற்கு முந்தியது. டிவியிலும் மீம்ஸிலும் அந்த மூஞ்சியைப் பார்த்தே வளர்ந்தவர்கள், வேறு என்ன செய்வார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வருவதெல்லாம் பெரியவர்கள் மேல்தான். ஸ்டாஃப் ரூமுக்குள் கால் வைத்தால் கணக்கு வாத்தியார் ஆரம்பிப்பார், “வரலாறு முக்கியம் அமைச்சரே!” கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்ன வேலை என்று கேட்பார். ஹிஸ்டரி டீச்சர் என்று சொன்ன அடுத்த நொடி அதே வசனம். அப்பளம் கூட நொறுங்கி முடிந்திருக்காது. இதில் கொடுமை, சொல்கிற ஒவ்வொருவர் முகத்திலும் ஏதோ அவர்தான் இந்த நகைச்சுவையை முதல்முதலாகக் கண்டுபிடித்த மாதிரி ஒரு பூரிப்பு. நானும் சிரித்துத் தொலைக்க வேண்டும். சிரிக்காவிட்டால் ‘வாத்தியார் ஒரு சிடுமூஞ்சி’.

சரி, அந்த வசனம் படத்தில் எங்கே வருகிறது, எதற்காக வருகிறது என்று இவர்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? தொடைநடுங்கி ராஜா ஒருவன், ஓவியனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பயில்வான் உடம்பில் தன் தலையைப் பொருத்தி வரைந்துகொள்கிற இடம் அது. பின்னால் வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத் தன்னை மாவீரன் என்று நம்பவேண்டுமாம். அதிகாரத்தில் இருப்பவன் சரித்திரத்தை எப்படித் தயார் பண்ணிவைக்கிறான் என்பதை ஒரே வரியில் தோலுரிக்கிற கேலி. அற்புதமான கேலி. அதைத்தான் இவர்கள் வணக்கம் சொல்வதற்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

எனக்கு அந்தப் படம் பிடிக்கும். இதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் “உங்களுக்கு ஹியூமர் சென்ஸே இல்லை” என்று கிளம்பிவிடுவீர்கள். முதல் படத்திலேயே இயக்குநர் சிம்புதேவன் செய்தது சின்ன வேலை இல்லை. ஆனால் அந்தப் படம் கேலி செய்வது யாரை? என் பாடத்தில் வரும் இரண்டாம் புலிகேசி என்கிற வாதாபிச் சாளுக்கியனையா? படத்தில் இருப்பது வெள்ளைக்காரன் காலத்துப் பாளையம் ஐயா! சாளுக்கியனுக்கும் அதற்கும் நடுவில் 1,100 வருஷத்துக்கு மேல் இருக்கிறது. பெயரை மட்டும்தான் கடன் வாங்கியிருக்கிறார்கள். கேலி முழுக்க நம்முடைய பழைய ராஜா ராணிப் படங்களைப் பற்றியது. முக்கியமாக, 1958-ல் வந்த ‘உத்தம புத்திரன்’. இரட்டையராகப் பிறக்கிற இளவரசர்கள், ஒருவனை உருப்படாமல் வளர்த்துச் சிம்மாசனத்தில் உட்காரவைத்து ஆட்டிப்படைக்கிற மாமா, வெளியே வளர்கிற இன்னொருவன், ஆள்மாறாட்டம். சிவாஜி இரட்டை வேடம், நம்பியார் மாமா. அப்படியே எடுத்து வடிவேலுவுக்கும் நாசருக்கும் அளவு வைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த உத்தம புத்திரனுக்கு முன்னாலும் 1940-ல் பி.யு. சின்னப்பா நடித்த ஓர் உத்தம புத்திரன் உண்டு. எல்லாவற்றுக்கும் மூலம் அலெக்சாந்தர் தூமாவின் இரும்பு முகமூடிக் கதை.

இதெல்லாம் தெரியாமல் அந்தப் படத்தைப் பார்த்தால் பாதி நகைச்சுவை கண்ணில் படாது. “எனக்குப் படம் முழுக்க மனப்பாடம்” என்று மார்தட்டுகிறவர்களிடம் உத்தம புத்திரன் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். “‘யாரடி நீ மோகினி’ பாட்டு அந்தப் படம்தானே?” என்பார்கள். அதையும் தனுஷ் படப் பெயர் என்று நினைக்காமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். நக்கலடிக்கப்பட்ட படத்தைத் தெரியாது, நக்கல் மட்டும் தெரியும். அப்படியென்றால் இவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? கோணங்கிச் சேட்டையைப் பார்த்து. சிம்புதேவனுக்கே இதில் நஷ்டம்தான்.

உத்தம புத்திரனாவது சினிமா, போகட்டும். அந்தச் சாளுக்கியன் என்ன பாவம் செய்தான்?

610 வாக்கில் பட்டத்துக்கு வந்து 642 வரை தக்காணத்தை ஆண்டவன். வடக்கே ஹர்ஷர் மொத்த நாட்டையும் மடக்கிக்கொண்டு வந்தபோது நர்மதைக் கரையில் தடுத்து நிறுத்தியவன். சீன யாத்ரீகர் யுவான் சுவாங் இவன் நாட்டுக்கு வந்து பார்த்து எழுதியிருக்கிறார். படித்துப் பாருங்கள், எந்த வெப் சீரிஸும் கிட்டே வராது. சண்டைக்குப் போகும் முன் வீரர்களுக்கும் போதை, யானைகளுக்கும் போதை. ஏற்றிவிட்டு எதிரிமேல் அவிழ்த்துவிடுவார்களாம். தோற்றுத் திரும்பும் தளபதிக்குத் தண்டனை கிடையாது, ஒரு செட் பெண்கள் உடுப்பைக் கொடுத்துவிடுவார்களாம், அவ்வளவுதான். மானஸ்தன் அதற்கே செத்துப்போவான். இந்த யானைச் சமாச்சாரத்தை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். சொல்ல விட்டால்தானே! சிரிப்பு அடங்குவதற்குள் பெல் அடித்துவிடுகிறது.

கர்நாடகத்து ஐஹோளேயில் மேகுடி என்று ஒரு சமணக் கோயில், குன்றின்மேல். அதன் சுவரில் ரவிகீர்த்தி என்ற கவிஞர் இவனைப் பற்றிச் செய்யுளாகவே ஒரு கல்வெட்டு பொறித்துவைத்திருக்கிறார். சக வருஷம் 556, அதாவது கி.பி. 634. அதில் ஹர்ஷரை அவர் கலாய்க்கிறார் பாருங்கள்: போர்க்களத்தில் விழுந்துகிடந்த யானைகளைப் பார்த்து, பயத்தில் ஹர்ஷனின் ஹர்ஷமே கழன்றுபோயிற்றாம். ஹர்ஷம் என்றால் சந்தோஷம். இந்தக் காலத்து ட்ரோல் பக்கங்கள் இவரிடம் பாடம் படிக்கலாம். அப்படி ஊரையே கலாய்த்த அரண்மனை, கடைசியில் தானே கலாய்ப்பாகிவிட்டது.

தமிழ்நாட்டில் அவனுக்கு எப்போதும் நல்ல பெயர் இருந்ததில்லை, அது வேறு விஷயம். காஞ்சிமேல் படையெடுத்து வந்தவன். பல்லவர் மகேந்திரவர்மன் காலத்தில் தொந்தரவு கொடுத்தான், அவர் மகன் நரசிம்மவர்மன் மணிமங்கலத்தில் மடக்கி, வாதாபிவரை துரத்திப்போய் ஊரையே பிடித்தான். கல்கி ‘சிவகாமியின் சபத’த்தில் அவனை எதிரியாக வைத்தார். அந்தத் தலைமுறைக்குப் புலிகேசி என்றால் பயமும் ஆத்திரமும் வந்தது. என் அப்பத்தா அந்தப் பெயரைச் சொன்னால் பல்லைக் கடிப்பார். அது எவ்வளவோ மேல். எதிரி என்றால் ஆளை மதிக்கிறார்கள் என்று அர்த்தம். இப்போது வில்லன் வேலையும் போய், கோமாளி வேலை கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையில் மகேந்திரவர்மனே ஒரு கேலிக்காரர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ‘மத்தவிலாச பிரகசனம்’ என்று சமஸ்கிருதத்தில் ஒரு நாடகம் எழுதியிருக்கிறார். காஞ்சிபுரத் தெருவில் ஒரு காபாலிகன் (மண்டை ஓட்டில் பிச்சை வாங்கும் சைவத் துறவி), கூட அவன் காதலி, இரண்டு பேரும் தள்ளாடிக்கொண்டு வருகிறார்கள். கள்ளுக்கடையைப் பார்த்து ‘ஆஹா, யாகசாலை மாதிரியே இருக்கிறது’ என்று உருகுகிறான் அந்த ஆள். பிச்சை வாங்கும் மண்டை ஓட்டைக் காணோம். புத்த பிட்சுமேல் சந்தேகம், அடிதடி, பஞ்சாயத்து. கடைசியில் பார்த்தால் தூக்கிக்கொண்டு போனது நாய். கேரளத்தில் இன்றும் இதை ஆடுகிறார்கள்.

காபாலிகர்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் எழுதிவைத்ததாக ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்களைப் பிடிக்காதவர்களும் கதை, நாடகம் எழுதியவர்களும் சொன்னதுதான். ஒரு சமயத்தையே குடிகாரன் ஜோக்காக மட்டும் தெரிந்துவைத்திருக்கிறோம். ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று மறுத்துப் பேச அவர்கள் பக்கத்தில் ஓர் ஓலைகூட மிச்சமில்லை.

புலிகேசிக்கு அந்த நிலைமை இல்லையே! கல்லில் வெட்டிவைத்தது அப்படியே நிற்கிறது. யுவான் சுவாங் குறிப்பு மொழிபெயர்த்துக் கிடைக்கிறது. அந்த வாதாபிதான் இன்றைய பாதாமி, அங்கே பஸ் போகிறது. குடும்பத்தோடு போனவர்கள்தான் எத்தனை பேர்! நானும் போயிருந்தேன். குடைவரைக்கு முன்னால் நம்மூர் டூர் கும்பல் ஒன்று. ஒரு பெரியவர் சால்வையைக் கிரீடம் மாதிரித் தலையில் சுற்றிக்கொண்டு, கண்ணை உருட்டி, மீசையை முறுக்கி போஸ் கொடுக்கிறார். மருமகன் வீடியோ எடுக்கிறார். “மாமா, அந்தப் புறா டயலாக் சொல்லுங்க!” அவரும் சொல்கிறார், “புறாவுக்குப் போரா?” கும்பலே விழுந்து விழுந்து சிரிக்கிறது. பத்தடி தள்ளி ஆறாம் நூற்றாண்டுச் சிற்பம், ஆளுயரத்துக்கு மேல். ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை. நரசிம்மவர்மன் ஜெயித்து வெட்டிவைத்த கல்வெட்டு அதே ஊரில் ஒரு பாறையில் இருக்கிறது, நம்ம ஆள் கல்வெட்டு, வாருங்கள் காட்டுகிறேன் என்றேன். “டைம் இல்ல சார், பஸ் கிளம்பிடும்” என்றார் மருமகன். வீடியோவுக்கு மூன்று டேக் எடுக்க டைம் இருந்தது.

அதனால் அடுத்த தடவை என்னை யாராவது ‘அமைச்சரே’ என்று கூப்பிட்டால் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கப்போகிறேன். உத்தம புத்திரனில் நம்பியார் சிவாஜிக்கு என்ன உறவு? பதில் சொன்னால் கூட உட்கார்ந்து எத்தனை வசனம் வேண்டுமானாலும் பேசலாம், நானே மீசை முறுக்கிக் காட்டுகிறேன். சொல்லத் தெரியாவிட்டால் தயவுசெய்து சாம்பாரை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, சாப்பிட்டு எழுந்து போங்கள்.