கல்வெட்டுக்கு முதுகு காட்டுகிறவர்கள்

கொழும்பிலிருந்து வந்த மாமியின் மகளைப் பின்னேரம் மட்டக்களப்பு வாவிக்கரைப் பூங்காப் பக்கம் கூட்டிப்போனேன். காற்று நல்லது, வாவியும் நல்லது. வில்லியம் ஓல்டின் சிலையைக் காட்டலாம் என்றுதான் நினைத்தேன். 1814இல் இங்கே வந்த மெதடிஸ்த பாதிரியார். மத்திய கல்லூரியாக இன்று நிற்கிற பள்ளியைத் தொடங்கிவைத்தவர். ஒரு வருசம்கூட ஆகவில்லை, 1815இல் இங்கேயே இறந்துவிட்டார்.

மச்சாள் கேட்டாள், "கீழே என்ன எழுதிக் கிடக்கு?"

எப்படி வாசிப்பது? பீடத்தில் நாலு பொடியன்கள் வரிசையாகச் சாய்ந்து போன் பார்க்கிறார்கள். ஒருத்தனின் முதுகுப்பை சரியாக எழுத்தின் மேலே. பக்கத்தில் கச்சான் சுருள் ஒன்று, கோதெல்லாம் படியில். இருக்க வாங்கு இல்லையா? பத்தடி தள்ளி வெறும் வாங்கு கிடக்கிறது!

"தம்பி, கொஞ்சம் தள்ளுங்களன், வாசிக்கவேணும்" என்றேன். ஒருத்தன் நிமிர்ந்து பார்த்தான். "இதிலயா? ஒண்டும் இல்லை அண்ணன், பழைய எழுத்து" என்றான். மத்தியானம் முழுக்க அதன்மேல் சாய்ந்திருந்தவன் சொல்கிற பதில் இது.

சரி, தள்ளினார்கள். ஒரு அரை அடி. மச்சாள் குனிந்து முதல் வரியைத் தொடங்குவதற்குள் ஒரு குடும்பம் வந்தது. "அண்ணன், ஒரு போட்டோ எடுத்துத் தாறீங்களா?" என்று போனை என் கையில் திணித்துவிட்டு, ஆறு பேரும் அதே எழுத்தை மறைத்து நின்றார்கள். நானும் எடுத்துக் கொடுத்தேன். மூன்று தடவை, சின்னவன் கண்ணை மூடிவிட்டானாம்.